சிரித்தால் சரிகிற தேவசேனா

எங்கள் வீட்டில் மருமகள்கள் இரண்டு பேர். பேசியே கொல்கிறவள் மூத்தவள் இந்திராணி, பேசாமல் கொல்கிறவள் இளையவள் தேவசேனா என்று மாமியார் கமலம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இந்திராணி நான்தான். என்னைப் பற்றிச் சொன்னதில் தப்பில்லை, எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தேவசேனாவைப் பற்றிச் சொன்னதுதான் பெரிய தப்பு.

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் எங்கள் தெருவுக்கு வருகிறவர்கள் முதலில் காதைப் பொத்திக்கொள்வார்கள். வீட்டுக்கு வீடு விசைத்தறி. எங்களுக்கு அந்தச் சத்தம்தான் தாலாட்டு. கரண்ட் போய்த் தறிகள் நின்றால் தொட்டிலில் இருக்கும் பிள்ளைகள் விழித்துக்கொண்டு அழும். என் வீட்டுக்காரர் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறார். வீட்டுத் தறிகளைப் பார்த்துக்கொள்வது என் கொழுந்தன் சந்துரு. அவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் தேவசேனா, வரதய்யபாளையத்துப் பெண்.

வந்த நாள் முதல் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. போட்டோகிராபர் தலைகீழாக நின்று பார்த்தும் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட அவள் பல் தெரியவில்லை. அதோடு தூக்கம் வேறு. நூல் சுற்ற உட்கார்ந்தால் கண் சொருகும். ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருப்பாள், கை சட்டியிலேயே இருக்க ஆள் எங்கோ போயிருப்பாள். திரும்பி வந்து, "அக்கா, தறி வழியா ஊதாத் தண்ணி வந்துக்கினு இருந்துச்சு, நான் அதுல நின்னுக்கினு இருந்தேன்" என்பாள். கனவா என்று கேட்டால் அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் எல்லோருக்கும் ஒரு சுவர் இருக்கும். அவளுக்கு அந்த இடத்தில் ஒரு புடவையைத்தான் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள் போலிருக்கிறது.

அவள் வந்த வருஷமே அம்மன் திருவிழாவான கங்கம்மா ஜாத்திரை வந்தது. திருப்பதியில் நடப்பதைப் போலவே எங்கள் தெருவிலும் ஆண்கள் வேஷம் கட்டுவார்கள். முகத்தில் சந்தனமோ கரியோ பூசி, புடவை சுற்றி, வேப்பிலையைக் கையில் பிடித்தபடி வீடு வீடாக வருவார்கள். வேஷம் கட்டியவன் யாரை வேண்டுமானாலும், என்ன கேலி வேண்டுமானாலும் பேசலாம். அதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது, அது அம்மாவுக்குச் செலுத்துகிற காணிக்கை. நூலுக்குச் சாயம் போடுகிற சிரஞ்சீவி அந்த வருஷம் பெண் வேஷம் கட்டி, எங்கள் வாசலில் நின்று, எங்கள் மாமியாரைப் போலவே இடுப்பில் கை வைத்து நடந்து காட்டினான். "அடியே சின்னவளே, கொயம்புல உப்பு போட்டியா, இல்ல உங்கம்மா ஊட்லயே வுட்டுட்டு வந்துட்டியா" என்று அவர் குரலிலேயே கேட்டான்.

தேவசேனா என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். முதலில் அவள் தாடை தொங்கியது. பிறகு தலை சாய்ந்தது. முழங்கால் மடங்கியது. கொடியிலிருந்து ஈரப் புடவை நழுவுவதைப் போலச் சத்தமில்லாமல் தரையில் சரிந்தாள். கண் பாதி திறந்திருந்தது. அதற்குள் வேஷக்காரர்களோடு வந்த பம்பைக்காரன் அடியின் வேகத்தைக் கூட்டிவிட்டான். "அம்மா வந்துட்டா" என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். கற்பூரம் ஏற்றினார்கள், மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், வேப்பிலையை மேலே போட்டார்கள். எதிர்வீட்டுக்காரி குனிந்து அவள் காதில் தன் மகளுக்குக் குழந்தை தங்குமா என்று கேட்டாள். தேவசேனாவின் இமை துடித்தது. தங்கும் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். அந்த வருஷமே குழந்தை தங்கியும் விட்டது. பிறகு யார் பேச்சு எடுபடும்?

சில நிமிஷம் கழித்து அவள் எழுந்து உட்கார்ந்தபோது அவளைச் சுற்றிப் பெண்கள் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் ஜாத்திரையில் அவளுக்குச் சாமி வந்தது. சிரஞ்சீவியும் வருஷா வருஷம் எங்கள் வாசலில் கேலி பேசினான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. சிரிப்பு உதட்டுக்கு வருவதற்குள் அவள் முகம் தளர்ந்துவிடும், அதனால் அவள் சிரித்ததே வெளியே தெரியாது. சிரிக்காத முகத்தையும் சாமியின் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அம்மா இறங்குகிற உடம்பு அப்படித்தான் கம்பீரமாக இருக்கும் என்றார்கள். சாமி வருகிற வீடு என்று எங்கள் மாமியாருக்குக் கோயிலில் முதல் வரிசை கிடைத்தது. அவர் நடையே மாறிவிட்டது.

எனக்கு உண்மை தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில். கரண்ட் போயிருந்தது. தெருவே வாயடைத்தது போலிருந்தது. நானும் தேவசேனாவும் நெய்த சேலைகளில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தோம். பொழுது போகாமல் நான் எங்கள் மாமியார் கோயில் முதல் வரிசையில் போய் உட்காருவதை நடித்துக் காட்டினேன். அவள் கையிலிருந்த கத்தரிக்கோல் விழுந்தது. தலை என் மடியில் சாய்ந்தது. கற்பூரத்துக்கு நான் எங்கே போவேன்? அவள் நெற்றியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூச்சு சீராக வந்தது. கண் மட்டும் என்னையே பார்த்தது.

எழுந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இது சாமி இல்ல. சிரிப்பு வந்தா எனக்கு இப்டி ஆவுது."

"நெனவு போயிடுதா?"

"போவாது. நீங்க பேசறது அல்லாம் கேக்குது, கண்ணும் தெரியுது. கைய தூக்கு, கைய தூக்குன்னு உள்ள சொல்லிக்கினே கெடப்பேன். கை யாருதோ மாதிரி கெடக்கும்."

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஆரம்பித்ததாம். தோழி ஒருத்தி வாத்தியாரைப் போல நடந்து காட்ட, இவள் பெஞ்சிலிருந்து கீழே போயிருக்கிறாள். அவள் அம்மா காணிப்பாக்கம் பிள்ளையாரிடம் கொண்டுபோய் நிறுத்தி வேண்டிக்கொண்டிருக்கிறாள். அப்படியும் நிற்கவில்லை என்றதும் ஒரே வழி சொல்லியிருக்கிறாள். சிரித்தால்தானே வருகிறது, சிரிக்காதே. வெளியே தெரிந்தால் வலிப்பு என்பார்கள், உன்னை யாரும் கட்டிக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு பெண்ணிடம் சோறு தின்னாதே என்று சொல்வதும் சிரிக்காதே என்று சொல்வதும் எனக்கு ஒன்றுதான். அன்று எனக்கு வந்த கோபத்தில் அவள் அம்மா எதிரில் நின்றிருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் அந்த அம்மாவும் பாவம், தன் பெண் நன்றாக இருக்கவேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

பிறகு மோனிகா பிறந்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருக்கிற வரைக்கும் தேவசேனாவைப் போல ஒரு தாய் கிடையாது. வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். குழந்தைக்கு முகம் பார்த்துச் சிரிக்கத் தெரிந்ததும்தான் வினை வந்தது. பொக்கை வாயைத் திறந்து அது சிரிக்கும், இவளுக்கு உள்ளே பொங்கும், தோளிலிருந்து கை கழன்ற மாதிரி ஆகிவிடும். ஒருநாள் நின்றபடி தூக்கி வைத்திருந்தபோது அப்படி ஆனது. நல்லவேளை, கீழே சேலைக் குவியல் இருந்தது. குழந்தை அதில் விழுந்து, அதையும் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தது. தேவசேனாவும் பக்கத்தில் விழுந்து கிடந்தாள். அன்றிலிருந்து அவள் நின்றுகொண்டு குழந்தையைத் தொடுவதில்லை. சுவரோரம் தரையில் உட்கார்ந்து, சுற்றிலும் தலையணை வைத்துப் பால் கொடுப்பாள். குழந்தை சிரித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"பெத்த புள்ள சிரிக்குது, செவுத்த பாத்துக்கினு குந்திக்கினு இருக்கா. கல்லுக்குக்கூட ஈரம் இருக்கும்" என்பார் கமலம்மா.

குழந்தை தவழ்ந்து தவழ்ந்து அவளிடமே போகும். மடியைப் பிடித்து இழுத்து, அண்ணாந்து பார்த்துச் சிரிக்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டைக் கடிப்பாள். அந்தக் குழந்தையை அவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நின்றுகொண்டு தூக்கிச் சிரிக்க வேண்டும். எனக்கு வேறு ஆசையே இல்லாமல் போயிற்று. அவளுக்கும் அதே ஆசைதான், வாய்விட்டுச் சொன்னதில்லை.

நான் திருப்பதியில் ஒரு பிராணிகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். காலை ரயிலில் போனால் சாயங்காலம் திரும்பி வருவேன். டோக்கன் கொடுப்பது, டாக்டர் ஊசி போடும்போது நாயைப் பிடித்துக்கொள்வது, நாயைவிட அதிகமாகப் பயப்படுகிற எஜமானரைச் சமாதானப்படுத்துவது, எல்லாம் என் வேலை. டாக்டர் தாமோதரன் கர்னூல்காரர். அவர் பேசுவதில் பாதி தெலுங்கு, பாதி எங்களிடம் கற்ற தமிழ்.

ஒருநாள் டிபன் கடை வைத்திருக்கும் கிருஷ்ணப்பா என்பவர் புஜ்ஜி என்ற நாயைக் கொண்டு வந்தார். நல்ல வளர்த்தியான நாய், குறும்புக் கண்.

"சார், சாப்பாடு வெச்சா செத்துப்போகுது. அப்புறம் பொழைச்சிக்குது" என்றார்.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சங்கிலியைப் பிடித்தேன். டாக்டர் ஒரு தட்டில் கறிச்சோறு வைக்கச் சொன்னார். புஜ்ஜி அதைப் பார்த்தது. வால் ஆடியது. உடனே பின்னங்கால் இரண்டும் மடங்கின. முன்னங்கால் சறுக்கியது. தாடை தட்டுக்குப் பக்கத்தில் தரையில் படிந்தது. கண் மட்டும் திறந்து சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. என் கையிலிருந்து சங்கிலி நழுவியது. அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். என் மடியில் கிடந்து என்னையே பார்த்த கண் அது.

கொஞ்ச நேரத்தில் புஜ்ஜி எழுந்து சாப்பிட்டது. டாக்டர் கிருஷ்ணப்பாவுக்கு விளக்கினார். நான் வாயைத் திறந்துகொண்டு கேட்டேன். நாய், பூனை, மனிதர், எல்லோரும் கனவு காண்கிறோம். கனவில் ஓடுகிறோம், பாய்கிறோம். உடம்பும் கூடவே பாய்ந்தால் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் கனவு நேரத்தில், கழுத்துக்கு மேலே இருக்கும் மூளைத்தண்டிலிருந்து உத்தரவு இறங்கும். கிளைசின், காபா என்று இரண்டு ரசாயனங்கள் தசைகளை ஆட்டுகிற நரம்புகளை அணைத்துவிடும். விழித்திருக்கும்போது தசையை விறைப்பாக வைத்திருக்கிற நாரட்ரினலின் போன்றவையும் அந்த நேரத்தில் நின்றுவிடும். மூச்சையும் கண்ணையும் மட்டும் விட்டுவைக்கும். அந்த இடம் கெட்டுப்போன பூனைகளை அந்தக் காலத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் பார்த்திருக்கிறார்களாம். தூங்கிக்கொண்டே எழுந்து நின்று, இல்லாத எலியின் மேல் பாயுமாம்.

"நம்ம புஜ்ஜிக்கு உல்டா" என்றார் டாக்டர். "விழிப்ப கெட்டியா பிடிச்சி வெக்கறதுக்கு ஒரெக்சின்னு ஒண்ணு உண்டு. இதுக்கு அது வேலை செய்யல. சந்தோஷம் வந்தா, முழிச்சிக்கினு இருக்கறப்பவே அந்தக் கனவு ஸ்விட்ச் விழுந்துடுது. மனசு முழிச்சிருக்கு, உடம்பு மட்டும் கனவுக்குப் போயிடுச்சி. அந்தே, அவ்ளோதான்."

விசைத்தறியில் கைப்பிடியைத் தள்ளினால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், தறி மட்டும் நிற்கும். எனக்கு அப்படித்தான் புரிந்தது.

"மனுசங்களுக்கு வருமா சார்?"

"எந்துக்கு வராது? வரும். அவங்களுக்குச் சிரிப்புல வரும்."

நான் அழுதுவிட்டேன். நாய்க்காக அழுகிறேன் என்று நினைத்து கிருஷ்ணப்பா என்னைச் சமாதானம் செய்தார். பிறகு டாக்டரிடம் தனியாக எல்லாவற்றையும் சொன்னேன். அவரோ, நான் பிராணிகள் டாக்டர், மனிதருக்கு மருந்து சொல்லக் கூடாது, நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போ, இது வலிப்பு இல்லை என்று மட்டும் தைரியமாகச் சொல் என்றார். கிருஷ்ணப்பாவின் போனிலிருந்து புஜ்ஜி விழுகிற வீடியோவை வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் தறிக்கொட்டகையில் தேவசேனாவை உட்காரவைத்து அதைக் காட்டினேன். நாய் விழுந்தது. தேவசேனாவும் விழுந்தாள். வாலை ஆட்டிக்கொண்டே அது சரிந்த விதத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் தலையைத் தாங்கிக்கொண்டேன். எழுந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னாள். அடுத்த தடவை விழவில்லை, அழுதாள்.

"அதுக்கும் கண்ணு தெறந்துக்கினுதான் இருக்குது அக்கா. பாவம், அல்லாம் கேட்டுக்கினுதான் இருக்கும்."

"டாக்டர்கிட்ட போலாம் வா."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "சாமின்னா கும்புடறாங்க. சீக்குன்னா, மறைச்சி கட்டிக் குட்த்துட்டாங்கன்னு சொல்லி எங்கம்மா ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க. மோனிகாவ இங்கயே வெச்சிக்கினு அனுப்புவாங்க" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. சும்மா இருந்தால் குழந்தை பக்கத்தில் இருக்கும், தூக்க முடியாது. வைத்தியம் பார்த்தால் தூக்கலாம், ஆனால் குழந்தையே இல்லாமல் போகலாம்.

ஜாத்திரை வந்தது. இந்த வருஷம் சிரஞ்சீவி நர்ஸ் வேஷத்தில் வந்து, தெருவில் இருந்த ஆண்களுக்கெல்லாம் வேப்பங்குச்சியால் ஊசி போட்டான். தேவசேனா சரிந்தாள். பம்பை முழங்கியது, கற்பூரம் எரிந்தது. பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து காதில் தங்கள் குறையைச் சொன்னார்கள். கடைசியில் கமலம்மா வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் எதுவும் கேட்டதில்லை, வரிசையை ஒழுங்குபடுத்துவதோடு சரி. அன்று தரையில் மண்டி போட்டு, தேவசேனாவின் காதருகே வாயை வைத்து என்னவோ சொன்னார். பம்பைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. தேவசேனாவின் பாதிக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததைப் பார்த்தேன். அம்மா இரங்கிவிட்டாள் என்றார்கள்.

மறுநாள் காலையில் நான் ரயிலுக்குக் கிளம்பும்போது தேவசேனா செருப்பு போட்டுக்கொண்டு நின்றாள்.

"டாக்டர்கிட்ட நானும் வரேன் அக்கா."

என்ன நடந்தது என்று கேட்டேன், சொல்லவில்லை. சந்துருவிடம் மட்டும் நான் முதலில் உண்மையைப் போட்டு உடைத்தேன். அவன் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டான். பிறகு மெல்லச் சொன்னான்: "கல்யாணம் ஆன புதுசுல நான் ஜோக் சொன்னா படுத்துக்குவா அண்ணி. ஜோக்கு அவ்ளோ மட்டம்போலன்னு சொல்றதையே வுட்டுட்டேன்." பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு எங்களோடு ஸ்டேஷனுக்கு வந்தான்.

நரம்பு டாக்டர் தேவசேனாவைத் தூங்க வைத்துப் பார்த்தார். தலையில் ஒயர்களை ஒட்டிப் படுக்க வைத்தார்கள், அவள் தலையணையில் தலையை வைத்ததும் கனவுக்குள் போய்விட்டாள். தூங்குவதற்காக அவளைப் பாராட்டிய ஒரே இடம் அதுதான். புஜ்ஜிக்குச் சொன்ன அதே விஷயத்தைத்தான் அவரும் கொஞ்சம் கௌரவமான வார்த்தைகளில் சொன்னார். குழந்தைக்குப் பால் மறக்கடித்ததும் மாத்திரை தொடங்கலாம், முழுதாகப் போகாது, ஆனால் விழுவது குறையும் என்றார்.

மாத்திரை வீட்டுக்கு வந்த அன்று கமலம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். சந்துரு எல்லாவற்றையும் சொன்னான். அவர் முகம் இறுகியது.

"அம்மா தானா வர்ற ஒடம்பு. மாத்திர துன்னு அவள வெரட்டப் போறியா? ஜனங்க நாளைக்கு வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?"

தேவசேனா அவர் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அத்தே, ஜாத்தரை அன்னிக்கு என் காதுல இன்னா கேட்டீங்க?"

"அது அம்மாகிட்ட கேட்டது. ஒனக்கு எதுக்கு?"

"நான் கேட்டுக்கினுதான் கெடந்தேன் அத்தே. 'தாயே, எம்மருமவ சிரிச்சி நான் பாத்ததேயில்ல. எங்க ஊட்டுக்கு வந்து இன்னா கொறையோ, வாய தெறந்து சொல்ல மாட்டேங்குறா. என் உசுர எடுத்துக்க, அவள ஒரு தபா சிரிக்க வெச்சிடு'ன்னு கேட்டீங்க."

கமலம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"எதுனா சொல்லணும்னு இருந்துச்சி. வாய் வரல" என்றாள் தேவசேனா. "அதுக்குத்தான் இந்த மாத்திர."

கமலம்மா மாத்திரையை அவள் கையில் வைத்தார். எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். அவரைக் குறை சொல்லியே பழகிய எனக்கு அன்று அவர் காலில் விழவேண்டும் போலிருந்தது.

மாத்திரை பிடித்துக்கொள்ளக் கொஞ்ச காலம் ஆயிற்று. அதற்குள் மோனிகா நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் போய்த் தெரு அமைதியாகக் கிடந்தது. வெயில் ஜன்னல் வழியே நூல் கட்டுகளின் மேல் விழுந்து, கொட்டகை முழுக்க ஊதாவும் பச்சையுமாக மிதந்தது. மோனிகா தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, அப்படியே கமலம்மாவைப் போல நடந்து வந்தாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள், அந்த வீட்டில் வாய் நீளமானவள் நான்தான்.

தேவசேனா நின்றுகொண்டிருந்தாள். குனிந்து குழந்தையைத் தூக்கினாள். அது அவள் மூக்கைப் பிடித்துச் சிரித்தது. அவள் தாடை நடுங்கியது. ஒரு முழங்கால் லேசாக மடங்கியது. நான் எழுவதற்குள் கமலம்மா ஓடி வந்து, குழந்தைக்கு அடியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

அந்த முழங்கால் நிமிர்ந்தது. குழந்தை கையிலேயே இருந்தது. சிரிப்பும் வெளியே வந்தது. பல வருஷம் நின்றிருந்த தறியை ஓட்டினால் வருகிற மாதிரி, விட்டு விட்டு, கரகரவென்று வந்தது. அதைவிட நல்ல சத்தம் எங்கள் தெருவில் கேட்டதில்லை.

விரித்த கையை மடக்காமலே கமலம்மா அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தார். கண்ணீர் கன்னத்தில் ஓடியது.

"குட்த்துட்டியா தாயே" என்றார்.

"குட்த்துட்டேன் அத்தே" என்றாள் தேவசேனா.